சி டிரைவ் நிரம்பிவிட்டதா? ஃபார்மட் செய்யாமலே பெரிதாக்கலாம்

பழைய லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இருக்கும் தொல்லை இது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் சி டிரைவுக்கு 60 அல்லது 80 ஜிபி மட்டும் ஒதுக்கி, மீதியை டி டிரைவாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இன்று விண்டோஸ் அப்டேட்களால் சி டிரைவ் சிவப்பு நிறத்தில் நிற்க, டி டிரைவில் பாதி இடம் சும்மா கிடக்கும். கடைக்குக் கொண்டு போனால் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதற்கு அவசியமில்லை.

முதலில் பேக்கப். பிள்ளைகளின் புகைப்படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள், கணக்கு வழக்குகள் அனைத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். நகலெடுக்கும்போதே டிஸ்க் திணறினால், கடகடவென்று சத்தம் வந்தால், பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டாம். அது மாற்ற வேண்டிய டிஸ்க்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் உள்ள கம்ப்யூட்டர் மீது ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்' வழியாக டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கலாம். விண்டோஸ் 10ல் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தாலே போதும்.

இங்குதான் பலரும் குழம்புகிறார்கள். டி டிரைவை 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்துச் சுருக்கினால் காலியிடம் கிடைக்கும். ஆனால் சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். காரணம் எளிது. ஷ்ரிங்க் செய்யும்போது இடம் டி டிரைவின் வால் பக்கம்தான் விடுபடுகிறது. சி டிரைவுக்கோ தன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் உள்ள காலியிடம்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே டி உட்கார்ந்திருக்கிறது.

டி டிரைவில் உள்ளவை முழுவதும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தால், டி டிரைவை நீக்கிவிட்டு, சி டிரைவை எக்ஸ்டெண்ட் செய்து, மிச்சமுள்ள இடத்தில் புதிதாக டி உருவாக்கிக் கோப்புகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நாம் பரிந்துரைப்பது இதைத்தான். ஏதேனும் மென்பொருளை டி டிரைவில் நிறுவியிருந்தால் மட்டும் அதை மீண்டும் நிறுவ வேண்டி வரலாம். நீக்கிய இடம் கறுப்புக்குப் பதில் வெளிர்பச்சையாகத் தெரிந்தால், அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. வேறு டிரைவ் அதற்குள் இல்லாவிட்டால், அந்தப் பச்சைப் பகுதியையும் ஒருமுறை நீக்குங்கள். ரெக்கவரி, ஓஇஎம் என்று பெயரிட்ட சிறு பகுதிகளைத் தொட வேண்டாம். 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'நோ' சொல்லுங்கள்.

டி டிரைவை நீக்க மனமில்லாதவர்களுக்கு ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருள் உண்டு. பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டி டிரைவைச் சுருக்கி வலப்பக்கம் நகர்த்தலாம். இதற்கும் பேக்கப் தேவைதான், சொல்லப்போனால் இதற்குத்தான் அதிகம் தேவை. சுருக்குவதைவிட நகர்த்துவதில் ஆபத்து கூடுதல். டி டிரைவின் தகவல்கள் முழுவதும் இடம் மாற்றி எழுதப்படுவதால், பழைய டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதைந்துவிடும். பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம் தாங்குவதே பெரிது என்பதால், சார்ஜரோடு யுபிஎஸ் இணைப்பும் இருக்கட்டும். மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால், ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுத்து முழுமையாக அணைத்த பிறகுதான் பென் டிரைவில் பூட் செய்ய வேண்டும்.