24 வருஷம் ஆல்பமே வெளியிடாத பேண்ட்... கள்ள கேசட்டுகளில் உயிர் பிழைத்த ஜப்பானின் இரைச்சல் இசை!

பாட்டு போட்டால் ரெக்கார்டு பண்ண வேண்டும். ரெக்கார்டு பண்ணினால் வெளியிட வேண்டும். வெளியிட்டால் ஊரெல்லாம் சொல்ல வேண்டும். இசையுலகின் இந்தப் பாலபாடத்தைக் கண்டுகொள்ளாமலே உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்த பேண்ட் ஒன்று ஜப்பானில் இருந்தது. ஜப்பானிய மொழியில் 'ஹடகா நோ ராரீஸு'. வெளியுலகம் அறிந்த பெயர், 'லே ராலீஸ் டெனூடே'. பெயர் பிரெஞ்சு போல இருக்கும். ஆனால், பேண்ட் பிறந்தது கியோட்டோவில்.

1967-ல் அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய குழு இது. தலைவர், தகாஷி மிசுதானி. கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, தோளில் கிட்டார். பேட்டி கேட்டால் பெரும்பாலும் மௌனம். குழுவில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். கடைசிவரை மாறாதவர் மிசுதானி மட்டும்தான்.

இரைச்சல் எப்படி இசை ஆகும்?

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீய்ய்ய்ங்' என்று காது கிழியும், கவனித்திருப்பீர்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கி, அதே ஸ்பீக்கருக்கு அனுப்ப, அது இன்னும் பெரிதாகி வெளியே வர... சத்தம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வளரும். இதற்குப் பெயர் ஃபீட்பேக். மைக் செட் அண்ணன்கள் இதைக் கேட்டால் பதறி ஓடி வருவார்கள். மிசுதானியோ இதைத் தேடிப் போனார்.

எலெக்ட்ரிக் கிட்டாரிலும் இதே கதைதான். ஸ்பீக்கரின் சத்தம் கிட்டார் கம்பிகளை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். எங்கே நிற்கிறோம், கிட்டாரை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து அந்த அலறல் மாறும். அதையே ஒரு வாத்தியமாக வாசித்தார் மிசுதானி.

கீழே பேஸ் கிட்டார் நான்கைந்து ஸ்வரங்களை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். டிரம்ஸ் அதோடு கூடவே நடக்கும். மேலே கிட்டார் சூறாவளி. நடுவில், தூரத்தில் யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது போல மிசுதானியின் குரல். ஒரு பாட்டு கால் மணி நேரத்தைத் தாண்டினாலும் ஆச்சர்யம் இல்லை. இவர்களின் பிரபலமான ஒரு பாடலின் பேஸ் இசை, 1963-ல் அமெரிக்காவில் லிட்டில் பெக்கி மார்ச் பாடி ஹிட்டான ஒரு காதல் பாட்டை அப்படியே நினைவூட்டும். குழந்தைகூட முணுமுணுக்கும் மெட்டு கீழே, புயல் மேலே. இந்த முரண்தான் ரசிகர்களைக் கட்டிப்போட்டது.

விமானக் கடத்தலில் முன்னாள் பேஸ் கலைஞர்

1970, மார்ச் 31. டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தை ஒன்பது இளைஞர்கள் கடத்தினார்கள். தீவிர இடதுசாரி அமைப்பான 'செம்படைப் பிரிவு' உறுப்பினர்கள் அவர்கள். வடகொரியாவுக்குப் போகச் சொன்னார்கள். தென்கொரியாவின் கிம்போ விமான நிலையத்தையே வடகொரியா போல வேடம் போட வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் அதிகாரிகள். குட்டு உடைந்தது. கடைசியில் பயணிகளை இறக்கிவிட்டு, அவர்களுக்குப் பதிலாக ஜப்பானின் போக்குவரத்துத் துறை துணை அமைச்சரைப் பிணையாக ஏற்றிக்கொண்டு பியோங்யாங் போனது விமானம்.

கடத்திய ஒன்பது பேரில் ஒருவர் மொரியாகி வகபயாஷி. லே ராலீஸ் டெனூடேவின் ஆரம்ப கால பேஸ் கலைஞர்! இந்தக் கடத்தலில் மிசுதானி இல்லை. ஆனாலும் பேண்டைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. வெளியே பேசாத தலைவர், விமானம் கடத்திய முன்னாள் உறுப்பினர், கடையில் கிடைக்காத பாடல்கள். மர்மம் வளர இது போதாதா?

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு

1973-ல் டோக்கியோவின் கிச்சிஜோஜி பகுதியில் இருந்த 'ஓஸ்' என்ற சின்ன இசை அரங்கம் மூடப்பட்டது. அதன் நினைவாக வந்த இரட்டை இசைத்தட்டில் மற்றக் குழுக்களோடு இவர்களின் வாசிப்பும் இடம்பெற்றது. அதை விட்டால் சொந்தப் பெயரில் எதுவும் இல்லை. 1991-ல்தான் மூன்று சி.டி-க்கள் ஒரே நேரத்தில் வந்தன. தொடங்கி 24 ஆண்டுகள் கழித்து! அவையும் குறைந்த எண்ணிக்கையில் வந்து தீர்ந்துபோயின. பிறகு சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடும் பொருளாகிவிட்டன.

அப்புறம் எப்படி உலகம் கேட்டது? கள்ளப் பதிவுகள் மூலமாகத்தான். கச்சேரியில் யாரோ பதிந்த டேப், எங்கிருந்தோ கசிந்த டேப், அதன் பிரதி, பிரதியின் பிரதி. நம் ஊர் திருட்டு வி.சி.டி மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே பல பாடல்களுக்கு 'ஒரிஜினல்' கடையில் கிடையவே கிடையாது. 'ஹெவியர் தேன் எ டெத் இன் தி ஃபேமிலி' என்ற கள்ள ஆல்பம் இந்த பேண்டின் மிகப் புகழ்பெற்ற ஆல்பங்களில் ஒன்றானது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஜூலியன் கோப், ஜப்பானிய ராக் பற்றி 2007-ல் எழுதிய புத்தகத்தில் இவர்களைக் கொண்டாட, தேடல் இன்னும் சூடுபிடித்தது.

இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. கள்ளப் பதிவு விற்றவருக்குக் காசு வந்தது. வாசித்தவருக்கு? அது மட்டுமல்ல. டேப்பிலிருந்து டேப்புக்குப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் கூடும், நுண்ணிய ஒலிகள் மங்கும். அப்படியானால் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மெய்மறந்து கேட்ட இரைச்சலில் மிசுதானி வாசித்தது எவ்வளவு, தேய்ந்த கேசட் சேர்த்தது எவ்வளவு? அதே சமயம், அந்தக் கேசட்டுகள் இல்லாவிட்டால் இந்தப் பேரே நம் காதுக்கு வந்திருக்காது என்பதும் உண்மை.

மறைவுக்குப் பிறகு வந்த தெளிவு

1996-க்குப் பிறகு பேண்ட் மேடை ஏறவில்லை. மிசுதானியும் மெல்லப் பொதுவெளியிலிருந்து மறைந்தார். 2021 அக்டோபரில் பேண்டுக்கென அதிகாரபூர்வ இணையதளம் வந்தபோதுதான், அவர் 2019-லேயே இறந்துவிட்ட செய்தி உலகத்துக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. பேண்டின் முன்னாள் உறுப்பினரும் பின்னாளில் புகழ்பெற்ற தயாரிப்பாளருமான மகோடோ குபோடா, பழைய டேப்களைச் சீர்செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 2022-ல் ஓஸ் அரங்கப் பதிவுகள் லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனமான 'டெம்போரல் ட்ரிஃப்ட்' மூலம் வந்தன. 1991-ன் மூன்று ஆல்பங்களும் அதே ஆண்டில் புது மெருகுடன் திரும்பின. 1993-ல் கவாசாகியில் நடந்த கச்சேரி 2023-ல் ஆல்பமானது. கள்ளக் கேசட்டில் கலங்கலாகக் கேட்டவர்கள், பேஸும் டிரம்ஸும் குரலும் தனித்தனியாகப் புரிவதை முதன்முறையாகக் கேட்டார்கள்.

உயிரோடு இருந்தபோது வெளியிடுவதில் இவ்வளவு தயக்கம் காட்டிய கலைஞரின் பதிவுகளை, இறந்த பிறகு வரிசையாக வெளியிடுவது சரியா? ரசிகர்களிடையே இன்றும் ஓயாத விவாதம் இது. ஆனால், காந்த டேப் காத்திருக்காது. ஈரம் பட்டால் பிசுபிசுக்கும், பூச்சு உதிரும். முடிவெடுக்கத் தாமதித்தால், முடிவெடுக்க எதுவுமே மிஞ்சாது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எடுத்த எடுப்பிலேயே புயலில் இறங்க வேண்டாம் என்றால், 'மிசுதானி' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். இரைச்சல் குறைவு, மென்மையான கிட்டார், சோகமான குரல். இந்த மனிதருக்குள் இப்படி ஒரு பாடகரா என்று தோன்றும். அடுத்து ஓஸ் பதிவுகள். கடைசியாக, 1977 மார்ச்சில் தச்சிகாவாவில் பதிவான ''77 லைவ்'. பேண்டின் உச்சம் இதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம்.

ஹெட்போனில் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டு 'ப்ளே' அழுத்துங்கள். மிசுதானி திடீரென ஃபீட்பேக்கைத் திறந்துவிடும் இடங்கள் முன்னறிவிப்பு கொடுத்து வராது!