சருகினிடையே ஒரு சுண்டங்கோழி

கண்ணாற் காண்பதற்கு முன்னர்ச் செவியால் அறியவேண்டிய பறவையொன்று நம் நாட்டில் உண்டு. அதுவே சுண்டங்கோழி. சிங்கள மக்கள் இதனை 'ஹபன் குக்குளா' என்பர். இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இஃது இல்லை; ஈரவலயத்து மழைக்காடுகளே இதன் முதன்மையான உறைவிடம்.

சென்ற விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் சிங்கராஜ வனத்திற்குச் சென்றிருந்தேன். விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. கால்களில் அட்டைகள் ஏற, ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென மூவசைச் சீழ்க்கையொலி ஒன்று எழுந்து, படிப்படியாக உச்சத்துக்கு ஏறிற்று. புதருக்குள்ளிருந்து மற்றொரு குரல் அதற்கு விடையிறுத்தது. சேவலும் பேடும் மாறி மாறிக் கூவும் கூவல் அது.

மாணவனொருவன் கைத்தொலைபேசியை எடுத்தான். அப்பறவையின் குரலை அதிற் பதிந்து வைத்திருந்தான்.

"சேர், இதைப் போட்டால் உடனே வெளியில் வரும்" என்றான்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "இந்நிலம் எமது என்று அவை கூவுகின்றன. பொய்க்குரல் கேட்டால், அயற்பறவை புகுந்ததென எண்ணி, இரையையும் விட்டுப் போருக்கு வரும். முட்டை இடுவதும் வெறுந்தரையில். நாம் பார்த்து மகிழ்வதற்காக அவற்றை ஏமாற்றலாமா?"

அவன் முகம் வாடிற்று. காணாமலே திரும்ப நேருமோ என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆயினும் காத்திருந்தோம்.

முக்கால் மணி நேரம் சென்றது. சருகு மெல்லச் சலசலத்தது. செம்பழுப்பு நிறப் பேடொன்று சிவந்த காலாற் சருகைக் கிளறியவாறு வந்தது. கண்ணைச் சுற்றியிருந்த செந்தோல் தெளிவாகத் தெரிந்தது. பின்னாலே கருமையில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போன்ற சேவல். பத்து விநாடிதான். யாரோ மிதித்த சுள்ளி முறிந்தது. அவை பறக்கவில்லை, ஓடி மறைந்தன.

விதை, உதிர்ந்த கனி, பூச்சி என இப்பறவையின் உணவெல்லாம் சருகிலேயே கிடைக்கின்றது. மரமின்றிச் சருகேது? 1970களில் ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தில் மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்ப்பினால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் சிங்கராஜ வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று.

திரும்பும் வழியில், "பத்து விநாடிக்காகவா இவ்வளவு நேரம்?" என்றான் ஒருவன்.

"அவை தாமாக வந்தனவல்லவா?" என்று விடையிறுத்தான் கைத்தொலைபேசிக்காரன்.