மனிதர் தன்பாட்டில் பற்றி எரிவாரா?



ரூவியில் இருந்துகொண்டுதான் இந்த அறிவியல் உரைகளை எழுதி வருகிறேன். ஆகவே இங்குள்ள எம்மவர்கள் கேள்விகளை நேரிலேயே கேட்டுவிடுவார்கள். அண்மையில் மகன் வீட்டிற்கு வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, மனிசர் தன்பாட்டில பத்தி எரியிறது உண்மையோ?"

விடுப்புக்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னார். தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில், அவருடைய தாயார் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே எரிந்துபோயிருந்தாராம். விடியற்காலையில்தான் கண்டார்களாம். உடல் பெரும்பாலும் சாம்பல். கால்கள் மட்டும் அப்படியே. வீடு எரியவில்லை. "பேய் எரிச்சது, முன்வினை" என்று ஊர் சொன்னது. அந்தச் சொல் கடல் கடந்தும் அவருடன் வந்திருக்கிறது.

எனவே இம்மாதம் இக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், பொருட்கள் தாமாகப் பற்றுவது உண்மையா? உண்மைதான். ஈரமாக அடுக்கிய வைக்கோற் போர் உள்ளே நுண்ணுயிர்களால் சூடேறி, சில வாரங்களில் புகைந்து பற்றுவதுண்டு. கப்பலில் ஏற்றும் கொப்பரையும் நிலக்கரியும் அப்படியே. தளபாடங்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டாலும் ஆபத்து. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: பொருள் ஒட்சிசனுடன் மெல்ல மெல்லச் சேர்கிறது, வெப்பம் பிறக்கிறது, அது வெளியேற வழியில்லாமல் குவிகிறது. வெண்பொஸ்பரஸ் இன்னும் மோசம். சுமார் 30 பாகையிலேயே காற்றில் பற்றிவிடும். அதனால்தான் அதை நீருக்குள் வைப்பார்கள்.

மனித உடல் அப்படியல்ல. அதில் அரைப்பங்கிற்கு மேல் தண்ணீர். வெப்பம் கூடினால் இரத்தம் அதைத் தோலுக்குக் கொண்டுவரும், வியர்வை ஆற்றிவிடும். உடற்சூடு 37 பாகை. கடும் காய்ச்சலிலும் 41, 42இற்கு மேல் போவது அரிது. வெளிவெப்பத்தால் மனிதர் பற்றுவதென்றால், 45 பாகை வெயிலில் ரூவி பஸ் நிலையத்தில் நிற்கும் நாங்கள்தான் முதலில் பற்றியிருப்போம்!

மது அருந்துவோர் உடல் ஊறிப்போய்ப் பற்றும் என்று ஐரோப்பாவில் ஒரு காலம் நம்பினார்கள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1850களில் தம் நாவலில் ஒரு பாத்திரத்தை அப்படியே எரித்துவிட்டார். ஆனால் மதுசாரத்தில் ஊறிய இறைச்சிகூடத் தானாகப் பற்றாது என்று ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் அதே காலத்தில் மறுத்தார்.

அப்படியானால் உடல் சாம்பலாகி, அறை தப்புவது எப்படி? விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோமே, நினைவிருக்கிறதா? எரிந்தது திரியல்ல, திரி உறிஞ்சிய எண்ணெய். மெழுகுதிரியில் திரி உள்ளே, கொழுப்பு வெளியே. உடுப்போடு மனிதர் எரியும்போது அதுவே புறம் மாறுகிறது: கொழுப்பு உள்ளே, திரியாகிய துணி வெளியே. ஒரு பொறி துணியில் பட்டால், உருகும் கொழுப்பைத் துணி உறிஞ்சி, சிறு சுவாலையாக மணிக்கணக்கில் எரியும். கொழுப்புக் குறைந்த கால்கள் தப்பும். சுவாலை சிறிது என்பதால் தள்ளி நிற்கும் பொருட்களும் தப்பலாம்.

இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் அமெரிக்க நிபுணர் ஜோன் டிஹான், பிபிசி நிகழ்ச்சியொன்றிற்காக, இறந்த பன்றியைப் போர்வையால் சுற்றித் தீமூட்டினார். அது பல மணி நேரம் எரிந்து எலும்பும் பொடியாகும் நிலைக்கு வந்தது. அறைக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் நெருப்பை வைத்தது வெளியிலிருந்து ஒரு கை என்பதைக் கவனியுங்கள்.

அயர்லாந்தில் 2010இல் எரிந்து இறந்த ஒரு முதியவருக்கு, "தன்னியல்பாகப் பற்றியது" என்று 2011இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். வேறு காரணம் அகப்படவில்லை என்பதே அதன் ஆதாரம். காரணம் அகப்படாதது வேறு, காரணம் இல்லாதது வேறு.

தமிழ்நாட்டில் நடந்தது இதைவிட முக்கியமானது. 2013இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தீக்காயங்களுடன் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்த சில நாட்களிலிருந்து பலமுறை தானாகப் பற்றியதாம். ஊரவர் பயந்து அக்குடும்பத்தையே ஒதுக்கினார்கள். பரிசோதனைகளில் உடலில் எரியக்கூடிய எதுவும் அகப்படவில்லை. 2015இல் அதே வீட்டில் பிறந்த அடுத்த குழந்தையும் காலில் காயத்துடன் வந்தபோது, தானாகப் பற்றுவதென்ற பேச்சை வைத்தியர்கள் ஏற்கவில்லை. நெருப்பு வெளியிலிருந்தே வந்திருக்கவேண்டும் என்றார்கள். தாங்கள் எதுவும் செய்யவில்லை என்றனர் பெற்றோர். யார் செய்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவரவில்லை. ஆனால் "அதிசயம்" என்று நாங்கள் வாய்பிளந்து நிற்கும் நேரத்தில், ஒரு குழந்தையைக் காக்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகிறது. குழந்தையின் உடலில் விளங்காத காயம் கண்டால், கோயிலுக்கு முன் வைத்தியரிடம் போங்கள்.

அந்த அம்மாவிடம் இவற்றைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப கதிரைக்குப் பக்கத்தில போத்தல் விளக்கு வைச்சது நான்தானே, தம்பி?"

பேயை விரட்டப்போய், பழியை அவர் தலையில் வைத்துவிட்டேனோ என்று திடுக்கிட்டேன். "அம்மா, அண்டைக்கு எல்லா வீட்டிலும் அந்த விளக்குத்தான். கரண்டை நிற்பாட்டினது நீங்களில்லை. இருட்டில அம்மா விழக்கூடாதெண்டுதானே வைச்சனீங்கள்?" என்றேன். தலையாட்டினார். "முன்வினை இல்லை, என்ன?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். இல்லை என்றேன்.

தனியே இருக்கும் வயோதிபர் அருகே சாமி விளக்கையோ, மெழுகுதிரியையோ, சிகரெட்டையோ விட்டுவிட்டுப் படுக்கைக்குப் போகாதீர்கள். தளர்ந்த நைலோன் உடுப்புடன் அடுப்படியில் நிற்க விடாதீர்கள். நெருப்புத் தானாக வருவதில்லை, ஆகவே அதைத் தடுக்கவும் முடியும்.