"இளைய நிலா" கிட்டார் யாருடையது?

கிட்டார் கற்றுக்கொள்ளும் தமிழ்ப் பையன் ஆசைப்பட்டு வாசிக்கும் பாட்டு எது? பெரும்பாலும் "இளைய நிலா"தான். வடநாட்டுப் பையனும் அதே மெட்டைத்தான் வாசிக்கிறான். ஆனால் அவனுக்கு அது இந்திப் பாட்டு!

"பயணங்கள் முடிவதில்லை" படம் 1982-ல் வெளிவந்தது. ஆர்.சுந்தர்ராஜன் டைரக்ட் செய்த முதல் படம். எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாட, மோகன் வாயசைத்தார். பாட்டை எழுதியவர் வைரமுத்து. இசை, இளையராஜா.

இளையராஜாவின் ஊர் பண்ணைப்புரம். வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டி. இரண்டும் இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளன. போடிமெட்டு, குமுளி வழியாக நம்மவர்கள் பிழைக்க மலையேறி வந்த அதே சீமைதான்.

தேவிகுளம் தேர்தல்

இளையராஜாவும் ஒரு முறை அப்படி மலையேறி வந்தவரே.

1957 தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்தவர் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். எதிர்த்தரப்பு வேட்பு மனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்ததாகக் கூறி அந்தத் தேர்தல் ரத்தானது. 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. சட்டசபையில் 126 இடங்கள். கம்யூனிஸ்டுகள் 60 பேர், ஆதரவு சுயேச்சைகள் 5 பேர் என்ற கணக்கில்தான் இ.எம்.எஸ். மந்திரிசபை பதவி ஏற்றிருந்தது. ஒரு இடம் என்றாலும் லேசான விஷயமா?

தோட்டத்துத் தமிழர் ஓட்டுகளைப் பிடிக்கப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வரவழைக்கப்பட்டார். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கட்சிப் பாட்டுப் பாடுவதில் அவர் கெட்டிக்காரர். அண்ணனுடன் மேடை ஏறினான் தம்பி ராசையா. அப்போது அவனுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த ராசையாதான் இளையராஜா.

ஆர்மோனியம் போய்...

பிறகு சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். "செம்மீன்" படத்துக்கு இசை அமைத்த சலீல் சவுத்ரியின் வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

மேல்நாட்டில் "ராக்" கோஷ்டிகள் ஆர்ப்பாட்டமாக வாசிப்பார்கள். ஆனால் உருக்கமான காதல் பாட்டு என்றால் கிட்டாரைத் தட்டி வாசிக்காமல், தந்தி தந்தியாக மீட்டுவதும் உண்டு. 1980-ல் வந்த "மூடுபனி" படத்தில் யேசுதாஸ் பாடிய "என் இனிய பொன் நிலாவே" பாட்டிலேயே இளையராஜா இந்தப் பாணியைக் காட்டிவிட்டார். "இளைய நிலா"வில் அது முழுமை பெற்றது. அதில் கிட்டார் பாடகருக்குத் துணையாக மட்டும் வரவில்லை. அவருக்குச் சமமாகப் பாடுகிறது!

வாசித்தவர் யார்?

வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் சகோதரர். பாடியவர், எழுதியவர், இசை அமைத்தவர் பெயர்களைச் சொன்ன பலருக்கு இவர் பெயர் வெகு காலம் தெரியாது. வாத்தியக்காரர்களின் கதி அதுதான். தேயிலைப் பாக்கெட்டில் கொழுந்து எடுத்தவர் பெயரா இருக்கிறது?

பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் இந்தக் குறையை ஒரு முறை தீர்த்தார். 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் பாட்டுப் பதிவையே காட்சியாக எடுத்தார்கள். எம்.எஸ்.வி.யோடு அவருடைய வாத்தியக் குழுவும் திரையில் தோன்றியது. பெயர் தெரியாவிட்டாலும் முகமாவது தெரிந்தது.

"இளைய நிலா" விஷயத்தில் இசை அமைத்தவர் பெயரே வடக்கே போகவில்லை. 1983-ல் "கலாகார்" என்ற இந்திப் படத்தில் "நீலே நீலே அம்பர் பர்" என்று அதே மெட்டு ஒலித்தது. பாடியவர் கிஷோர்குமார். படத்தின் கதாநாயகி நம் ஸ்ரீதேவி. இசை அமைப்பாளர்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி! அங்கே இன்றும் பலருக்கு அது கிஷோர்குமார் பாட்டுதான்.

அடுத்த தடவை எஸ்டேட் ஜீப்பிலோ, டீக்கடை ரேடியோவிலோ இந்தப் பாட்டு வந்தால், பாலு வாய் திறப்பதற்கு முன்னால் வருகிற கிட்டாரைக் கவனியுங்கள். அது சந்திரசேகருடைய விரல்.