மகளின் பிறந்தநாளும் சேலத்துத் தொட்டிலும்

மகளுக்குப் பிறந்தநாள் என்றால், சேலம், நாமக்கல் பக்கத்து அம்மாக்கள் விடியற்காலையிலேயே போன் போட்டுவிடுவார்கள். ‘கண்ணு, தலைக்குக் குளிச்சியா? கோயிலுக்குப் போனியா?’ மகள் 30 வயதைத் தாண்டியிருந்தாலும் இதே விசாரிப்புதான்.

அந்த 30 வயதுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இங்கே பல வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் பேச்சே எழாது. வரதட்சணைக்குப் பயந்து கள்ளிப்பால் கொடுத்த கொடுமையும் நடந்தது. அதைத் தடுக்க, 1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் தொட்டில் வைத்தது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான் இருந்தது.

அதே காலத்தில், சொந்தபந்தம் முகம் சுளித்தும் மகளை மடியில் இறுக்கிக்கொண்ட அம்மாக்களும் இருந்தார்கள். தறி ஓட்டியும், கோழிப்பண்ணை வேலைக்குப் போயும் படிக்க வைத்தார்கள்.

இன்று, வளர்க்க வழியில்லாத தாய், குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி குழந்தையை ஒப்படைக்கலாம். மறுபடி யோசிக்க 2 மாத அவகாசமும் உண்டு. உதவிக்கு 1098.

மகள்களே, அடுத்த பிறந்தநாளில் அம்மா போன் செய்யும்போது, ‘நான் பிறந்த அன்னைக்கு வீட்டுல என்னம்மா சொன்னாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்காக அவர் யாரையெல்லாம் எதிர்த்து நின்றார் என்பது அப்போது தெரியவரலாம்.