எதிராளியாக வந்து உட்காரும் கேள்வி

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதற்காக எஸ்.ஏ.டி. தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது அழுதுவிடுவாள் போலிருந்தது. “இங்கிலீஷ் பரவாயில்ல மாமா. மேத்ஸ்ல முதல் பாதி சுலபமா இருந்துச்சு. ரெண்டாவது பாதியில திடீர்னு ஒவ்வொரு கணக்கும் மலையா நின்னுச்சு. நாலஞ்சு சுத்தமா தெரியல. அவ்வளவுதான், போச்சு” என்றாள்.

கஷ்டமான பாதி வந்ததே நல்ல செய்திதான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பாததில் வியப்பும் இல்லை. பொதுத்தேர்வில் மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள். சுலபமாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், கடினமாக இருந்தால் எல்லோருக்கும் வருத்தம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, தான் எழுதும்போதே வினாத்தாள் தன்னைப் பார்த்து மாறிக்கொள்ளும் என்பது விசித்திரமாகத்தான் இருக்கும்.

எஸ்.ஏ.டி. 2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியேயும், 2024 மார்ச்சில் அமெரிக்காவுக்குள்ளேயும் கணினிக்கு மாறியது. மொழிப் பகுதி ஒன்று, கணிதப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு பாதி. கணிதத்தில் பாதிக்கு 22 கேள்விகள், 35 நிமிடம். முதல் பாதியில் எளியதும் கடினமும் கலந்து வரும். அதை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்து, இரண்டாவது பாதியாகக் கடினமான தொகுப்பைத் தருவதா, எளியதைத் தருவதா என்று கணினி முடிவு செய்கிறது. எளிய தொகுப்புக்குப் போனவர் அதில் அத்தனையையும் சரியாகச் செய்தாலும் 800 என்ற உச்சத்தைத் தொட முடியாது. கடினத் தொகுப்புக்குப் போனவர் சிலவற்றைத் தவறவிட்டும் நல்ல உயரத்தில் நிற்கலாம்.

இது நியாயமா என்று கேட்பவர்களுக்கு நான் சதுரங்கத்தைத்தான் காட்டுவேன். சென்னையில் சதுரங்கம் ஆடும் பத்து வயதுக் குழந்தைக்கும் ஈலோ ரேட்டிங் தெரியும். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ உருவாக்கியது அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் வாய்ப்பு சரிபாதி. ஒருவர் 200 கூடுதலாக இருந்தால் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி அவருக்கு. 400 கூடுதல் என்றால் சுமார் 91. வெற்றி தோல்வியை மட்டும் வைத்து ரேட்டிங் ஏறுவதில்லை, யாரிடம் வென்றோம், யாரிடம் தோற்றோம் என்பதுதான் கணக்கு.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் ஒரு கேள்வியை உட்கார வையுங்கள். கேள்விக்கும் ஒரு ரேட்டிங். நீங்கள் சரியாக விடை எழுதினால் வென்றீர்கள், தவறினால் கேள்வி வென்றது. மனிதரின் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே அளவுகோலில் வந்துவிடுகின்றன. டென்மார்க்கின் கணித அறிஞர் கேயார்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட நூலில் வைத்த சமன்பாடும், ஈலோவின் சமன்பாடும் அடிப்படையில் ஒரே உருவம். அமெரிக்காவில், ஜி.ஆர்.இ., டோஃபல் தேர்வுகளை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் பணியாற்றிய பிரெடரிக் லார்டும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் நடந்துகொண்டிருந்தார். ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி என்று இந்தத் துறைக்குப் பெயர். குழந்தைகளை அளக்கும் ஒருவரும், சதுரங்கத்தை அளக்கும் ஒருவரும் தனித்தனியே ஒரே சூத்திரத்தில் வந்து நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

சரி, உங்கள் பலத்தை ஒருவர் குறைந்த ஆட்டங்களில் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் யாரோடு ஆட வைப்பார்? நேற்று காய் நகர்த்தக் கற்ற சிறுவனோடு ஆடி நீங்கள் வென்றால் எதுவும் தெரியாது. உலக சாம்பியன் பட்டம் வென்ற குகேஷோடு ஆடித் தோற்றாலும் எதுவும் தெரியாது. இரண்டின் முடிவும் முன்கூட்டியே தெரிந்தவை. வெல்வாரா தோற்பாரா என்று சொல்ல முடியாத எதிராளியிடம் ஆடும்போதுதான் ஒவ்வொரு ஆட்டமும் ஏதாவது சொல்லும். காய்கறிக் கடைத் தராசிலும் இதுதான். கத்திரிக்காய்க்கு எதிரே பெரிய படிக்கல்லை வைத்தால் ஒரு தட்டு தொப்பென்று இறங்கும், அவ்வளவுதான் தெரியும். சரியாகப் பொருந்தும் கல்லை வைக்கும்போதுதான் முள் நடுவில் ஆடத் தொடங்கும்.

ஆகவே ஒரு தேர்வு உங்களை மிக நுட்பமாக அளக்கும் கணம், நீங்கள் பாதி கேள்விகளில் தடுமாறும் கணம்தான். அக்கா மகள் அனுபவித்த அந்தத் திணறல், முள் நடுவுக்கு வந்துவிட்டதன் அடையாளம்.

1926 ஜூனில் முதல் எஸ்.ஏ.டி. நடந்தபோது சுமார் 8,000 பேர் எழுதினார்கள். 97 நிமிடத்தில் 315 கேள்விகள்! சுலபம், கடினம் எல்லாவற்றையும் எல்லோர் மேலும் கொட்ட வேண்டியிருந்தது. இன்று 134 நிமிடத்தில் 98 கேள்விகள் போதுகின்றன. ஆளுக்கேற்ற படிக்கல் கிடைத்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். யோசனை புதிதல்ல. பாரிஸில் ஆல்ஃபிரட் பினே 1905-ல் குழந்தைகளைச் சோதித்தபோதே, பதில் வரும் இடத்தில் தொடங்கி, வராத இடம்வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்.

குருட்டு அடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நாலில் ஒரு முறை சரியாகும். அளக்கும் கணக்கு இதையும் எதிர்பார்க்கிறது. எளியவற்றைத் தவறவிட்ட ஒருவர் மிகக் கடினமான ஒன்றைச் சரியாகச் செய்தால், அது அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று அதற்குக் குறைந்த எடைதான் தரும். அதனால் ஒரே எண்ணிக்கையில் சரியாகச் செய்த இரண்டு பேருக்கு வேறு வேறு மதிப்பெண் வருவது உண்டு. குருட்டு அடிக்கு இடம் தராத கேள்விகளும் உண்டு: கணிதத்தில் சுமார் கால்வாசிக் கேள்விகளுக்கு விடைப் பட்டியலே கிடையாது, விடையை நாமே தட்டச்ச வேண்டும்.

ரேட்டிங் தவறாகப் போகும் இடங்களும் உண்டு. பழைய எஸ்.ஏ.டி.யில் இருந்த ஓர் ஒப்புமைக் கேள்வி இன்றும் பேசப்படுகிறது. ரெகட்டா என்றால் படகுப் போட்டி என்று தெரிந்தவருக்கு அது வெகு சுலபம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. படகோட்டும் மன்றத்தின் பக்கமே போகாத பிள்ளைக்கு எங்கிருந்து தெரியும்? அங்கே அளக்கப்பட்டது சிந்தனை இல்லை, வீட்டு வசதி. அந்த வகை ஒப்புமைக் கேள்விகள் 2005-ல் நீக்கப்பட்டன. இப்போது வேறொரு சோதனையும் உண்டு. ஒரே திறன் கொண்ட இரண்டு குழுவினரை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் ஒரு குழு சறுக்குகிறதா என்று பார்ப்பார்கள். சறுக்கினால், கோணல் மாணவரிடம் இல்லை, கேள்வியிடம் என்று சந்தேகிப்பார்கள். குறையே இல்லாத வடிகட்டி என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துணிந்த ஒரு துறைமேல் எனக்கு மரியாதை உண்டு.

மதிப்பெண் அறிக்கையில் எண்ணோடு கூடவே ஒரு வீச்சும் அச்சாகியிருக்கும். இன்னொரு நாள் எழுதினால் இதற்குள் எங்கேயும் விழலாம் என்று தேர்வு நடத்துபவர்களே ஒப்புக்கொள்வது அது. 1480 வாங்கிய பிள்ளைக்கும் 1500 வாங்கிய பிள்ளைக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா என்று இந்தத் தராசு உறுதியாகச் சொல்லாது. வீட்டிலே நாம்தான் அந்த 20-க்காகப் பிள்ளையைத் திட்டுகிறோம். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இந்த எண்ணை நம்புகிறவர்களும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. கோவிட் காலத்தில் நிறுத்திய தேர்வை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2022-ல் மறுபடி கட்டாயமாக்கியது. தங்கள் கணிதப் பாடங்களைத் தாங்க முடியுமா என்று அறிய அது உதவுகிறது என்றார்கள். அங்கேயும்கூட, பிள்ளை எழுதும் கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பள்ளியில் வாங்கிய மதிப்பெண்கள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்கிறார்கள்.

அன்று மாலை அவளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். “அப்போ அந்தக் கேள்விக்கு யாரு மாமா ரேட்டிங் போட்டாங்க?”

யாரோ ஒரு நிபுணர் போட்டதில்லை. ஒவ்வொரு பாதியிலும் மதிப்பெண்ணில் சேராத 2 கேள்விகள் இருக்கும், மொத்தம் 8. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. அவள் எதிர்கொண்ட கேள்விகளின் கடினத்தை, அவளுக்கு முன்னால் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள், தங்களுக்கே தெரியாமல் முட்டி மோதி அளந்து வைத்திருந்தார்கள். அவளும் 8 கேள்விகளை அளந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைத் திணறடித்த கணக்குகளில் ஒன்று அவற்றில் இருந்திருந்தால், அவளுடைய தோல்வியும் அதன் ரேட்டிங்கில் சேர்ந்திருக்கும். இனி ஒருநாள் ஹனோயிலோ லாகோஸிலோ ஒரு பிள்ளையின் எதிரே அது போய் உட்காரும்.