செவ்வாயன்று அச்சிடாத யந்திரம்

உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைக் கணினியில் அமைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஓபன் ஆஃபீஸ் என்னும் எழுதும் நிரலில் தயாரிக்கும் எதுவும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சாவதில்லை என்று தம் மனைவி கூறிய புகாரையும், அந்த அம்மையார் ஒரு செவ்வாயன்று அதனை நேரிலேயே செய்துகாட்டிய அதிசயத்தையும், 2009-ஆம் ஆண்டில் அந்நிரல்களைப் பராமரிப்போருக்கு எழுதித் தெரிவித்தார். செவ்வாய் வெறுவாய் என்று நல்ல காரியங்களை மறுநாளைக்கு ஒத்திப்போடும் நம்மவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் தோன்றாமல் இருக்கலாம். ஆனால், நாளும் கோளும் அறியாத ஒரு யந்திரம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேலைநிறுத்தம் செய்வது எங்ஙனம் என்ற கேள்வி, காரண காரியத்தில் நம்பிக்கையுள்ள எவரையும் உறங்கவிடாத கேள்வியே.

இதற்கு விடை காண்பதற்கு முன், அச்சிடும்படி நாம் ஆணையிட்ட கணத்திலிருந்து காகிதம் வெளிவரும் வரையில் நடப்பதைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். எழுதும் நிரல் அச்சுப்பொறியோடு நேரே பேசுவதில்லை. அது பக்கத்தின் வர்ணனையைத் தயாரித்து, கப்ஸ் என்னும் அச்சுப் பணிமுறையிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்த வர்ணனை அக்காலத்தில் பெரும்பாலும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற, அடோபி நிறுவனத்தார் 1980-களில் வகுத்த மொழியில் இருந்தது. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் உருவாக்கத் தொடங்கி, பிற்காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தாரும் தங்கள் கணினிகளில் ஏற்றுக்கொண்ட இந்தக் கப்ஸ், வந்த வேலையை வரிசையில் நிறுத்தி, வடிகட்டிகள் எனப்படும் சிறு நிரல்களின் வழியாக அந்தந்த அச்சுப்பொறிக்கு மட்டுமே விளங்கும் பிரத்தியேக பாஷைக்கு அதனை மாற்றி, கம்பியின் வழியாகவோ வலையின் வழியாகவோ அனுப்பிவைக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிவது காகிதம் வரவில்லை என்ற ஒன்றுதான். அச்சுப்பொறி நோய்களில் இவ்வளவு மயக்கம் நேருவதற்கு அதுவே மூலம்.

ஆகவே தர்க்க சாஸ்திரத்தார் அந்வயம் என்றும் வியதிரேகம் என்றும் கூறுவார்களே, ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதையும், இல்லாதபோது இல்லாமற்போவதையும் கொண்டு காரணத்தை நிச்சயிப்பது, அம்முறையே இங்கும் சரணம். அதே செவ்வாயன்று வேறு நிரல்களிலிருந்து அனுப்பியவை ஒழுங்காக அச்சாயின. எனவே யந்திரத்தின் மீதும் கம்பியின் மீதும் குற்றமில்லை. மற்ற நாட்களில் ஓபன் ஆஃபீஸும் அச்சிட்டது. எனவே அதன் அமைப்பிலும் பொதுவான கோளாறு இல்லை. நாளுக்கு நாள் மாறுவது எது என்று தேடினால் எஞ்சியது ஒரே வரி. ஓபன் ஆஃபீஸ் தான் எழுதும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பில், அது பிறந்த தேதியை, கிழமையின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்துகளோடு, குறித்துவைத்தது.

அந்த வரியைப் படித்து ஏமாந்தது யார்? லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உலகத்தில் 1973-ஆம் ஆண்டு முதலே 'ஃபைல்' என்றொரு சிறு கட்டளை வழங்கிவருகிறது. சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் சுழி பார்த்து லட்சணம் சொல்வதைப் போல, அது கோப்பின் பெயரைப் பொருட்படுத்தாமல், அதனுள் இன்ன இடத்தில் இன்ன எழுத்து இருக்கிறதா என்று தன் குறிப்பேட்டோடு ஒத்துப்பார்த்து, இது படம், இது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று தீர்ப்புக் கூறும். சில அச்சுப்பொறிகளுக்கான வடிகட்டிகள், வந்தது என்ன கோப்பு என்று இந்தக் கட்டளையைக் கேட்டே மேற்கொண்டு நடந்தன. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்கென்று பிறந்த எர்லாங் என்ற கணினி மொழியின் பழைய கோப்புகளை அறிவதற்கும் அக்குறிப்பேட்டில் ஓர் அடையாளம் இருந்தது: 1991 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2 மணி 32 நிமிடம் 44 விநாடி என்ற ஒரு குறிப்பிட்ட கணம். இவ்வளவு நீண்ட முத்திரை வேறெந்தக் கோப்பிலும் தற்செயலாக அமைவது துர்லபம். ஆனால் அக்குறிப்பேட்டின் இலக்கணப்படி, இடைவெளி வந்தால் அடையாளம் அங்கேயே முடிந்தது என்று பொருள். முடியாமலிருக்க வேண்டுமானால் ஒவ்வோர் இடைவெளிக்கு முன்னும் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். அந்தக் கோடுகள் விடுபட்டுப்போயின. ஆண்டும் மாதமும் மணியும் விநாடியும் உதிர்ந்துபோய், 'செவ்வாய்' என்ற கிழமைக் குறி மட்டுமே அடையாளமாக நின்றது. ஓபன் ஆஃபீஸின் தேதி வரி சரியாக அதே இடத்தில் வந்து விழ, கடிதம் எர்லாங் கோப்பென்று தீர்ப்பாகி, வடிகட்டி அதனைக் கைவிட்டது. குறிப்பேட்டைத் திருத்தியதும் நோய் தீர்ந்தது.

இந்தக் கதையில் என் மதிப்புக்கு உரியவர் அந்த அம்மையாரே. நிபுணர்கள் இப்படியொரு புகாரைக் கேட்டால் சிரித்து ஒதுக்கியிருப்பார்கள். கிழமையைக் குறிப்பாகக் கவனித்துச் சொன்ன அந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால், அச்சுப்பொறியை மாற்றியும் மென்பொருளை மீண்டும் நிறுவியும் பலர் வீணே அலைந்திருப்பர், புதனன்று தானாகவே குணமானதைக் கண்டு தம் வைத்தியமே பலித்தது என்று மகிழ்ந்தும் இருப்பர்.

நம் வீட்டு லினக்ஸ் கணினியில் நேரும் தடைகள் இவ்வளவு சுவாரசியமானவை அல்ல. மிகச் சாதாரணமானது, எப்போதோ காகிதம் சிக்கியோ வலை அறுந்தோ ஒரு வேலை தோற்றுப்போக, கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவைத்துவிட்டு, காரணம் நீங்கிய பின்னும் நம் உத்தரவுக்காகக் காத்திருப்பது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியையும் 631 என்ற வாயில் எண்ணையும் இட்டால் திறக்கும் பக்கத்தில், நிறுத்தப்பட்ட வரிசையை மீண்டும் இயக்கவும், தேங்கிய வேலைகளை நீக்கவும் வசதி உண்டு. அதற்கும் மசியாவிட்டால் கப்ஸ் எழுதிவைக்கும் பிழைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். அதன் வாசகங்கள் வறட்டுத்தனமானவையாயினும் உண்மையானவை. (லினக்ஸ் கருவில், காகிதம் தீர்ந்ததும் அல்லாத, இணைப்பு விலகியதும் அல்லாத இனந்தெரியாத கோளாறு நேரும்போது, அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது என்று அறிவிக்கும் வாசகம் ஒன்று உண்டு, அதைக் கண்டு எவரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.)

அண்மைக் காலத்து அச்சுப்பொறிகளோ, தம் பெயரையும் தாம் ஏற்கும் கோப்பு வகைகளையும் காகித அளவுகளையும் கேட்ட மாத்திரத்தில் தாமே வலையின் வழியாகத் தெரிவித்துவிடுகின்றன. தனித்தனி நிறுவனத்தாரின் வடிகட்டிகளைத் தேடி நிறுவும் அவசியம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. தம்மைப் பற்றித் தாமே சொல்லத் தெரியாத பழைய யந்திரங்களுக்காக, அவற்றின் சார்பில் மறுமொழி கூறும் இடைநிரல்களை லினக்ஸின் அச்சு வசதிகளை வளர்த்துவரும் ஓபன்பிரிண்டிங் குழுவினர் எழுதிவருகிறார்கள்.